தகரக் கூரையும் இரண்டு வழிகாட்டிகளும்

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் கீரிப்பாறைக்குப் போகிற வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. மேலே தகரக் கூரை. ஆனியிலும் ஐப்பசியிலும் மழை பிடித்துக்கொண்டால் வகுப்பில் என் குரல் எனக்கே கேட்காது. அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் மழையோடு போட்டி போட்டுக் கத்துவேன். தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். பிறகு கத்துவதை விட்டுவிட்டு, மழை ஓயும்வரை நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்படிப் பார்த்த ஒரு மதியம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நான் பாதியில் விட்ட ஒளிவிலகல் பாடத்தைப் பிள்ளைகள் விடவில்லை. பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, தங்களுக்குள் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், தண்ணீர் பாட்டிலுக்குள் பென்சிலை விட்டு அது ஒடிந்த மாதிரி தெரிவதை மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மழை விட்டதும் கேள்வி கேட்டுப் பார்த்தேன். நான் நடத்தி முடித்த பாடங்களில் சொல்லும் பதிலைவிட நன்றாகவே சொன்னார்கள். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் குலசேகரத்தில் ஹார்ட்வேர் கடை. கூரைத் தகடுதான் அங்கே முக்கிய வியாபாரம். மழைச் சத்தத்தையும் படிப்பையும் சேர்த்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ எனக்க கடையைப் பூட்ட வைக்கப் போறியா?"

மறுவாரமே, பல்கலைக்கழகத்துக்குப் போய்வர எனக்கு நல்ல தோள்பை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பையோடு நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. இயற்பியல் துறையில் என் திட்டத்தைப் படித்துவிட்டு, பிள்ளைகள் வருகிறார்கள், ஆகவே இது கல்வியியல் என்றார்கள். கல்வியியல் துறையில் டெசிபல் வருகிறது, ஆகவே இது இயற்பியல் என்றார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் நிழலில் நின்று யோசித்த நேரத்தையும் சேர்த்தால் அந்த மரத்தையும் ஒரு துறை என்றே சொல்லலாம். கடைசியில், பலதுறை ஆய்வு என்று ஒரு வழி இருப்பதை அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். துறைக்கு ஒருவராக இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

கல்வியியலில் கிடைத்தவர் நாகர்கோவில்காரப் பேராசிரியை. கறாரானவர், ஆனால் பிள்ளைகள் என்றால் முகம் மலர்ந்துவிடும். இயற்பியலில் கிடைத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்தன. அதிகம் பேசமாட்டார். இரண்டு பேரும் நல்லவர்கள். சங்கடம் என்னவென்றால், என்றோ கருத்தரங்கக் கூடத்தை யாருக்கு ஒதுக்குவது என்பதில் மனத்தாங்கல் வந்து, இருவருக்கும் பேச்சு நின்று போயிருந்தது. சேர்ந்து கையெழுத்துப் போட்டார்களே தவிர, சேர்ந்து ஒரு அறையில் உட்காரவில்லை.

ஆக, நடுவில் நான்தான் தூது. முதல் அத்தியாயத்தில் பிள்ளைகள் பேசியதை எழுதியிருந்தேன். நான் அம்மா என்று கூப்பிடும் அந்தப் பேராசிரியை அதன் ஓரத்தில் இன்னும் விரிவாக எழுதச் சொன்னார். இயற்பியல் சார் அதே பத்தியை முழுக்க அடித்துவிட்டார். சத்தத்தை அளந்த அட்டவணைகளைக் காட்டினேன். சாருக்குப் போதவில்லை, அம்மாவுக்குத் திகட்டியது. நாற்பது வயதுக்கு மேல், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுள்ளவர்களோடு உட்கார்ந்து ஆய்வு முறையியல் தேர்வு எழுதியதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்தத் தூதுதான் என்னைச் சோர வைத்தது. ஒருநாள் திரும்பி வரும்போது தோவாளையில் பூக்கூடைகளோடு பெண்கள் ஏறினார்கள். பஸ் முழுக்கப் பிச்சி மணம். அந்த மணத்துக்கு நடுவில் உட்கார்ந்து, இதை விட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். நாகர்கோவில் வருவதற்குள் வேறு யோசனை வந்தது. இருவரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். மழையை அவர்களே பார்க்கட்டும்.

மற்றவர் வருகிறார் என்று இருவரிடமும் நான் அழுத்திச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. எஸ்டேட் பஸ்ஸில் அம்மா முன்பக்கம் பெண்கள் வரிசையிலும் சார் பின்பக்கமும் உட்கார்ந்ததால் மலைப்பாதை சுமுகமாகவே கழிந்தது. ஆனால் அன்றைக்கு மழையைக் காணோம். அதற்கு முந்தைய வாரம் முழுக்க அடித்த மழை, அன்று பார்த்து ஓய்ந்துவிட்டது. சார் சத்தமானியை மேசைமேல் வைத்துவிட்டு அடிக்கடி ஜன்னலைப் பார்த்தார். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியை மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கொடுத்து இருவரையும் பிடித்து வைத்தார்.

சாப்பிட்டபின், சும்மா இருப்பதற்குப் பிள்ளைகளிடம் ஏதாவது பேசலாமே என்று தலைமையாசிரியை சாரைக் கேட்டுக்கொண்டார். அவர் ஒலி அலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அலை என்றால் என்ன என்று சொல்லி முடிப்பதற்குள் மலைப்பக்கமிருந்து இரைச்சல் வந்தது. அடுத்த நொடி தகரத்தில் மழை கொட்டியது. சாரின் வாய் அசைவது தெரிந்தது, அவ்வளவுதான். அவர் கரும்பலகையில் எழுதிப் பார்த்தார். திரும்பினால் வகுப்பே உருமாறி இருந்தது. பிள்ளைகள் பழக்கப்படி பெஞ்சுகளை இழுத்து வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வட்டத்தில் ஏதோ தர்க்கம். தீர்த்து வைக்கச் சொல்லி அவரைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். அதே வட்டத்தில் ஏற்கனவே அம்மா குனிந்து உட்கார்ந்திருந்தார்.

சார் சத்தமானியை உயர்த்திப் பிடித்துக்கொண்டே குனிந்தார். அம்மா அவர் காதருகே போய், "அதைக் கீழ வையுங்க சார். பிள்ளையளப் பாருங்க" என்றார்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இருவருக்கும் நடுவே நடந்த முதல் பேச்சு அது. பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

சார் சத்தமானியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு விலகிப் போய் அடுத்த வட்டத்தைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். மழை லேசாகக் குறைந்ததும் அம்மாவை நோக்கி வேகமாக வந்தார்.

"மேடம், ஒரு வட்டத்துல நாலு பேருக்கு மேல இருக்காங்களான்னு பாருங்க. அஞ்சாவது ஆள் வந்தா வட்டம் பெருசாயிரும். வாய்க்கும் காதுக்கும் தூரம் கூடிரும். மழைச் சத்தம் ஜெயிச்சிரும். பிள்ளைங்க அந்தத் தூரத்தக் கண்டுபிடிச்சு உட்கார்ந்திருக்காங்க."

அம்மா எண்ணிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. நாலு பேர் என்பதால்தான் யாரும் சும்மா இருக்க முடியவில்லை, பேசாத பிள்ளையும் பேசியே ஆக வேண்டியிருக்கிறது என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவு நாளும் இரண்டு கட்டடத்துக்கும் நான் நடந்திருக்கிறேன். பாதி ஒருவர் கையிலும் மீதி மற்றவர் கையிலும் இருந்திருக்கிறது. திரும்பும்போது சார் பின்னால் போய் உட்காரவில்லை. முன்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றபடி இறங்கும்வரை அம்மாவோடு பேசிக்கொண்டே வந்தார். என்னை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். ஜன்னலோரம் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அதுவரை தனித்தனியாகத் திருத்தியவர்கள் இப்போது சேர்ந்து திருத்தினார்கள். எழுதியதை எல்லாம் முதலிலிருந்து எழுதச் சொன்னார்கள். போதாததற்கு, தகட்டின் அடியில் கயிற்றுப் பாய் கட்டினால் சத்தம் எவ்வளவு குறையும் என்றும் பார்க்கச் சொன்னார் சார். என் வீட்டுக்காரர் கடைக்குப் பின்னால் கம்பு நட்டு, தகடு போட்டு, மோட்டாரிலிருந்து ஹோஸ் இழுத்து மழை பெய்ய வைத்தார். நான் குடையோடு உள்ளே உட்கார்ந்து அளந்தேன். கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்று விசாரித்தார்கள்.

"எனக்க வீட்டுக்காரி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கா" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். பிறகு, "பாய் வேணும்னா அதுவும் நம்மகிட்ட உண்டு" என்றும் சொன்னார்.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். தலைமையாசிரியை ஒரு வேன் பிடித்து, பிள்ளைகளின் தாய்மார் சிலரையும் கூட்டி வந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நிறையக் கேட்டார். பயந்துகொண்டேதான் பதில் சொன்னேன். சபையிலிருந்து யாராவது கேட்கலாம் என்று அறிவித்தபோது, ரப்பர் வெட்டும் வேலைக்குப் போகிற ஒரு தாய் எழுந்து நின்றார். அவர் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள்.

"டீச்சர், நீங்க பறஞ்சது எல்லாம் கேட்டேன். மழையில பிள்ளைய நல்லாப் படிக்குதுன்னியளே. அப்பம் ஸ்கூலுக்கு சீலிங் போடணுமா, வேண்டாமா?"

அவ்வளவு நேரம் யாரும் கேட்காத கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் சார் "போடணும்" என்றார். அதே நேரத்தில் அம்மா "வேண்டாம்" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எனக்கு அதற்குப் பிறகுதான் பயம் சுத்தமாகப் போனது.

"போடணும்" என்றேன். "பாடத்தைக் கேக்க முடியாம பிள்ளைய இருக்கக்கூடாது. ஆனா மழை வந்தாலும் வரல்லேன்னாலும், தினமும் கொஞ்ச நேரம் பெஞ்சை அப்படியே வட்டமாப் போடணும்."

அந்தத் தாய் சற்று யோசித்தார். "கொள்ளாம், நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் அறிவித்ததும் வேனில் வந்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, ஏசி குளிர் கண்ணுக்கு ஆகவில்லை என்றார்.

பிறகு எல்லோரும் கேண்டீனுக்குப் போனோம். அம்மாவும் சாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இந்த ஆய்வைக் கட்டுரையாக்கி இயற்பியல் இதழுக்கு அனுப்புவதா, கல்வியியல் இதழுக்கு அனுப்புவதா என்று பேச்சு தொடங்கியது. வடை ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இருவரும் பேச்சை நிறுத்தி என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து, எல்லோருக்கும் இன்னொரு சாயா சொல்லப் போனேன்.