கிரேன் அக்காவின் உடைந்த பாலம்

இரும்புக் கிடங்கில் அவள் எல்லோருக்கும் கிரேன் அக்கா. வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய கிரேன், அதன் கண்ணாடிக் கூண்டில் அவள். கீழே சங்கிலி மாட்டிக் கை காட்டுகிறவருக்குக் கொக்கி அண்ணன் என்று பேர் வைத்ததும் அவள்தான். கல்யாண வயதில் மகள் இருக்கிற மனிதர். அவர் கட்டைவிரலை உயர்த்தினால் இவள் தூக்குவாள், உள்ளங்கையை விரித்தால் நிறுத்துவாள். அத்தனை கனமான இரும்புச் சுருளை அக்கா பூப்போல இறக்கி வைப்பாள் என்று கிடங்கே சொல்லும்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வேலை விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, சின்ன வயதில் அப்பா வாங்கித் தந்த வீடியோ கேம் பெட்டியின் முன் உட்கார்ந்துவிடுவாள். அதிலும் ஒரு கட்டம்தான் ஆடுவாள், உடைந்த பாலம். பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும், அதற்குள் குட்டி வீரன் தாவித் தாவி அக்கரை சேர வேண்டும். ஐம்பதைத் தொடப்போகிறவளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களுக்கு அவள் பட்டென்று பதில் சொல்வாள்.

"கண்ணு பாத்த பிறகு கை எவ்வளவு நேரத்துல வேலை செய்யுதுன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். இது சொல்லும். பாலம் தாண்ட முடியாமப் போற அன்னைக்கு நான் கிரேனை விட்டு இறங்கிடுவேன்."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதல்ல. அவளுக்கு முன்னால் அந்தக் கூண்டில் இருந்தவர், எனக்கென்ன வயசா ஆயிடுச்சு என்று சொல்லிச் சொல்லியே ஓட்டி, கடைசியில் ஒரு மனிதனின் காலை நசுக்கினார். கண்ணெதிரே பார்த்தவள் அவள். அதனால் பாலம் தாண்டிய மறுநாள் காலையில், "நேத்தும் தாண்டியாச்சு அண்ணே" என்று கொக்கி அண்ணனிடம் சொல்லாமல் ஏணியில் ஏற மாட்டாள்.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் பழைய பெட்டி புகைந்து உயிரை விட்டது. அவள் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அதே கேமை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். எமுலேட்டர் என்று அதற்குப் பெயர். பழைய பெட்டி செய்ததையெல்லாம் கம்ப்யூட்டரே செய்து காட்டுமாம். முதல் வாரம் அவள் தொபுக்கடீர் தொபுக்கடீரென்று விழுந்தாள். என் கை போச்சு என்று அழுதேவிட்டாள்.

"உன் கையில ஒண்ணும் இல்ல. எமுலேட்டர்ல பட்டன் கொஞ்சம் தாமதமாத்தான் வேலை செய்யும். பழகிடும், விடு" என்றார் அவர்.

சொன்னபடியே பழகிவிட்டது. "பாட்டு மட்டும் இழுக்குதேங்க" என்று ஒருநாள் கேட்டாள். ஸ்பீக்கர் மட்டம் என்றார். அதோடு அவளும் விட்டுவிட்டாள்.

போன விடுமுறை நாளில் நாத்தனார் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"அண்ணி, கண்ணை மூடுங்க!"

பழைய சாமான் கடையில் கிடைத்ததாம். அதே கேம் பெட்டி, அதே கேசட், வயரோடு அதே கன்ட்ரோலர், கூடவே பழைய குட்டி டிவி ஒன்று. "கம்ப்யூட்டர்ல ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா அண்ணி? ஒரிஜினல் கையில இருந்தா, நீங்க நினைக்கும்போதே அது தாவிடும்!"

கிரேன் அக்காவுக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்காரர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"பழசு அது. ஷாக் அடிக்கும். கடைக்குக் கொண்டு போய்ப் பாத்துட்டு…"

"நீங்க சும்மா இருங்க" என்று அவளே வயர்களைச் சொருகினாள்.

பாட்டு ஆரம்பித்தது. அவள் திடுக்கிட்டாள். "இது ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடுது?"

"இந்தப் பாட்டு எப்பவும் இப்படித்தானே அண்ணி!"

இரண்டாவது பலகையிலேயே வீரன் விழுந்தான். அவள் சிரித்துக்கொண்டாள். மறுபடி விழுந்தான். கன்ட்ரோலரைத் துடைத்தாள், கேசட்டை ஊதிப் போட்டாள், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மறுபடியும் விழுந்தான். நாத்தனார் கன்ட்ரோலரை வாங்கி, வளவளவென்று எதையோ பேசிக்கொண்டே பாலத்தைத் தாண்டினாள். "நல்லாத்தானே இருக்கு?"

கிரேன் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, அந்தக் கம்ப்யூட்டரையும் போடுங்க."

யாரும் தொடாமல் விட்டால் அந்தக் கேம் தானாகவே ஆடிக் காட்டும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கவைத்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். டிவியில் வீரன் அக்கரை போய்க் கொடியைத் தொட்டுவிட்டான். கம்ப்யூட்டரில் இருந்தவன் பாதிப் பாலத்தில் இருந்தான். அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

அடப்பாவி! கட்டின மனுஷன் செய்கிற காரியமா இது?

"நீ அழுதியே, என்னால பாக்க முடியல" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "வேகத்தைத் துளியூண்டு குறைச்சேன்."

"எப்ப?"

"அந்த முதல் வாரமே. அப்புறம்… போகப் போக மறுபடி விழ ஆரம்பிச்ச. அப்பல்லாம் இன்னும் கொஞ்சம் குறைச்சேன். விளையாட்டுத்தானேன்னு…"

"விளையாட்டா? நான் கிரேனை விட்டு இறங்கிடுவேன்னு சொன்னது உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. இறங்கிட்டா நீ என்ன ஆவியோன்னுதான் பயந்தேன்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். கிரேன் அக்கா கத்துவாள் என்று இருவரும் பயந்தார்கள். அவள் எழுந்து போய்க் கம்ப்யூட்டரை அணைத்தாள். போன மாதம் நடந்தது கண்முன் வந்து நின்றுவிட்டது.

அன்றைக்குச் சுருள் நிற்காமல் ஆடிப் போனது. கொக்கி அண்ணன் பின்னால் பாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டதால் பிழைத்தார். அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது சுருள். "கையை லேட்டா காட்டிட்டு உள்ளேயே நிக்கிறீங்களே, சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா?" என்று மைக்கில் ஊருக்கே கேட்கிற மாதிரி அவரைக் கிழித்தாள். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று சாயங்காலமும் அவள் வீட்டுக்கு வந்து பாலத்தைத் தாண்டிவிட்டு, தப்பு அவர்மேல்தான் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

விடுமுறை முடிந்த மறுநாள் காலை கிரேன் சாவியோடு கிடங்குக்கு வந்தாள். ஏணியில் கால் வைக்கவில்லை.

"என்னக்கா, நேத்தும் தாண்டியாச்சா?" என்று கேட்டார் கொக்கி அண்ணன்.

"தாண்டல அண்ணே. ரொம்ப நாளாவே தாண்டல. அது மெதுவா ஓடியிருக்கு, எனக்குத் தெரியல." அவள் ஏணியை விட்டு விலகி நின்றாள். "அன்னைக்கு நீங்க சரியாத்தான் கை காட்டினீங்க. என் கைதான் லேட்டு."

அவர் அவளையே வெறித்துப் பார்த்தார்.

"நெசமாவா? நேரத்தோட கை காட்டினேன்னுதான் எனக்கு ஞாபகம். ஆனா நீங்க தினமும் பாலம் தாண்டுறவங்களாச்சே. அப்ப என் கணக்குதான் தப்பிப்போச்சுன்னு நெனச்சுட்டேன்." அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மேனேஜர்கிட்ட இந்த மாசத்தோட வேலையை விட்டு நின்னுக்கிறேன்னு சொல்லிட்டேனேக்கா."

கிரேன் அக்கா ஒரு கையில் சாவியையும் மறு கையில் அவர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு வேகமாக நடந்தாள்.