மணி அடித்த பிறகும் கேட்ட குரல்

போங்னம் அக்கா விடியற்கால ஜெபத்துக்கு வந்தால், எங்கள் தீவின் தேவாலய வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றி, அதன் முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். நாங்கள் கழற்றிப் போட்டது போட்டபடி போவோம். பல வருடங்களாகப் பார்க்கிறேன், அவர் மறந்ததே இல்லை. ஒருமுறை துணிந்து காரணம் கேட்டேன்.

"ஆண்டவர் போன்னு சொன்னப்புறம் செருப்பைத் திருப்பிக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்றார்.

கடலில் வலை கட்டி அதில் பாசி வளர்ப்பதுதான் அவர் பிழைப்பு. கணவர் இறந்த பிறகு ஒரே படகு, ஒற்றை ஆள். அறுவடைக்கு மட்டும் நான் கூலிக்குப் போவேன். ஒரு குளிர்காலத்தில், கறுத்து வளர வேண்டிய பாசி சிவந்து அழுகி உதிரத் தொடங்கியது. அது போனால் வலை போடும் உரிமையை விட்டுவிட்டு, பூசான் நகரத்தில் மகள் வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான்.

ஊரில் எல்லார் வாயிலும் ஒரே பெயர், மான்சிக். அக்காவின் வலைகளுக்கு நீரோட்டம் வருகிற பக்கம் அவரும் பாசி வலைகளைக் கூடுதலாக இறக்கியிருந்தார். தண்ணீர் ஓடாவிட்டால் பாசிக்கு நோய் வரும்.

"ராத்திரி போய் அவன் வலையை அறுத்து விடுக்கா. நான் எதையும் பாக்கலைன்னு சொல்லிடறேன்" என்றாள் கடைக்கார யோங்ஜா.

"நீ பாக்காதது இந்த ஊர்ல என்னடி இருக்கு?" என்று அக்கா சிரித்தார். ஆனால் தாடை இறுகியிருந்தது.

எங்கள் சபையில் எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்போம். பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்றுகூடத் தெரியாது. போதகர் மேசைமணியைத் தட்டியதும் நிறுத்திவிடுவோம். மறுநாள் காலை அக்காவுக்கு மணி கேட்கவில்லை.

"அந்த மான்சிக் என் தண்ணியை அடைச்சுட்டான் ஆண்டவரே! அவன் வலையும் அழுகட்டும்!"

நிசப்தத்தில் அவர் குரல் மட்டும் கேட்டது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மான்சிக் திரும்பவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

எல்லாரும் போன பிறகும் அக்கா எழவில்லை. குளிருக்கு மூட்டியிருந்த அடுப்பைத் தணிக்கும் சாக்கில் நான் நின்றேன். இப்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது. மான்சிக் பெயர் அதில் வரவில்லை. "நான் என்ன செய்யணும்? அதைச் சொல்லும்" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். சன்னலில் வெளிச்சம் வந்ததும் எழுந்து, பூட்ஸுக்குள் காலை விட்டு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

மான்சிக் படகுத்துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். "என்னக்கா, மிச்ச சாபத்தையும் கொடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"காலையில பேசினது தப்பு, மன்னிச்சுக்க. உன்னைப் பத்தி அவர்கிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ஒண்ணும் பதில் இல்லை. நான் என்ன பண்றதுன்னு கேட்டதும், வலையைத் தூக்கிக் காயப்போடுன்னு மனசுல வந்துச்சு. ஒத்தைப் படகால ஆகாதுன்னு நான்தான் தட்டிக் கழிச்சுக்கிட்டிருந்தேன். உன் படகு வேணும்."

மான்சிக் கயிற்றையே பார்த்தார். "என் வலையும் சிவக்குதுக்கா. நீங்க ஜெபம் பண்றதுக்கு முன்னாடியிருந்தே."

சிரிப்பை அடக்க நான் கையுறையைக் கடித்துக்கொண்டேன்.

பாசி காற்றில் காய்ந்தால் நோய் அடங்கும். வாடைக்காற்று வறட்சியாக வீசியது எங்களுக்கு நல்லதாயிற்று. இரண்டு படகுகளையும் பக்கவாட்டில் கட்டி, மிதவைகளோடு வலையைப் புரட்டிக் காற்றுக்குக் காட்டினோம். முதலில் அக்காவுடையது, அப்புறம் அவருடையது. விரல் மரத்துப்போனால் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி இழுத்தோம்.

கரையிலிருந்து யோங்ஜா கத்தினாள். "சண்டைக்காரனுக்கே கூலி வேலையாக்கா?"

"அந்த வாயோட வந்து கயித்தைப் பிடிடி!"

அவள் வரவில்லை. மறுநாள் சூடான மீன் சூப் மட்டும் அனுப்பிவைத்தாள்.

பாதிப் பாசிதான் தேறியது. மீதியை அறுத்துக் கடலில் விட்டோம்.

மான்சிக் தன் வலைகளைக் குறைத்துக்கொண்டார், ஆனால் ஒரு வரிசை இன்னும் நீரோட்டத்தில்தான் நிற்கிறது. பாசி சிவந்தால் இரண்டு படகுகளும் சேர்ந்தே போகின்றன. போங்னம் அக்கா தீவில்தான் இருக்கிறார். வலை போடும் உரிமை அவர் பெயரில்தான் இருக்கிறது.