பாதி டின் எண்ணெய்

அலமாரியில் மறந்துபோன கடலை எண்ணெயை இன்று திறந்ததும் எழுந்த சிக்கு வாடை, கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த, இப்போது கிடங்காகிவிட்ட எங்கள் லைன் வீட்டுக்கு என்னை இழுத்துப் போனது. சில்லறையாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று அம்மாவும் பக்கத்து வீட்டு கங்கம்மா அக்காவும் சேர்ந்து ஒரே டின் வாங்கி, புனல் வைத்து, ஓயாமல் பேசிச் சிரித்தபடி பாதிப் பாதியாக ஊற்றிக்கொள்வார்கள். புருஷனுக்கு வேலை போனதில் அக்கா ஆந்திரப் பக்கம் குடிபெயர்ந்த பிறகும் அம்மா முழு டின்னே வாங்கினாள். அக்காவின் பாதி அப்படியே கிடந்து கெட்டது.

“நாறுது, கொட்டிடு” என்றார் அப்பா.

“அத்தக் கொட்டாதீங்க. கங்கம்மா வந்தா இன்னா குடுக்கறதாம்?”

அக்கா வரவில்லை. அடுத்த முறை அம்மா கடையிலிருந்து அரை லிட்டர் பாக்கெட்டோடு திரும்பினாள்.