கீழே விழுந்த சிரிஞ்ச்

டாக்டர் கஸ்தூரி இறந்த செய்தியை ராஜபாளையத்தில் எங்கள் ஆஸ்பத்திரி ஆயா முத்துலட்சுமிதான் சொன்னார். "நம்ம மயக்க டாக்டரம்மா காலையில தவறிட்டாங்களாம் சிஸ்டர்." நான் ஆபரேஷன் தியேட்டர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய கோபம் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, தியேட்டரில் யார் மாஸ்க் சரியாகக் கட்டவில்லை என்று அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஆனால் பயந்து நடுங்கும் பெண்களிடம் அந்தக் குரல் எங்கே போகுமோ தெரியாது. "தாயி, முதுகை நல்லா வளைச்சு உக்காரு. செத்த நேரந்தான். பொறவு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது" என்பார். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் மருந்தைச் செலுத்தும் அந்த வேலைக்கு ஊரில் 'முதுகுல ஊசி' என்று பெயர். பிறகு ஆயுசுக்கும் வரும் இடுப்பு வலிக்கெல்லாம் அதன் மேல்தான் பழி. கடைவீதியில் யாராவது வழிமறித்துக் கேட்டால், "எனக்குந்தான் இடுப்பு வலிக்கி. எனக்கு யாரு ஊசி போட்டா?" என்று கேட்டுவிட்டு நடப்பார்.

மருந்துக் குப்பியை உடைக்கும் முன் நான் அதன் பேரைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் திருப்பிச் சொல்வார். அது அவர் வைத்த சட்டம். "கண்ணு பாத்ததைத்தான் வாய் சொல்லணும் சிஸ்டர்."

கான்சாபுரத்துப் பெண் ஒருத்திக்கு சிசேரியன் நடந்த அன்று என் வாய் மட்டும் சொன்னது. வருஷக்கணக்கில் சொன்ன பேர், தானாக வந்துவிட்டது. அவரும் திருப்பிச் சொன்னார். குப்பியிலிருந்து மருந்தை இழுத்தார். முதுகில் ஊசி இறங்கி, தெளிந்த நீர் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. இனி மருந்தைச் செலுத்த வேண்டியதுதான். பார்த்தால் சிரிஞ்ச் தரையில் கிடந்தது.

"வழுக்கிருச்சு சிஸ்டர். வேற எடுங்க."

எடுக்கத் திரும்பியபோதுதான் நான் உடைத்த குப்பியைப் பார்த்தேன். அது ரத்தப்போக்கை நிறுத்துவதற்குக் கை நரம்பில் போடும் மருந்து. முதுகு மருந்துக் குப்பியின் அதே அளவு, அதே கண்ணாடி. முதுகுக்குள் போயிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருக்க மாட்டாள். சரியான குப்பியை எடுத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். அவர் வழக்கமான குரலில் திருப்பிச் சொன்னார். ஆண் குழந்தை பிறந்தது.

மத்தியானம் ஒப்புக்கொள்ளப் போனேன். "மேடம், அந்த சிரிஞ்ச்..."

"வழுக்கிருச்சுன்னு சொன்னேம்லா. டீ ஆறுது, குடிங்க."

மறுநாள் அந்த இரண்டு மருந்தும் வேறு வேறு அலமாரியில் இருந்தன. மாற்றி வைத்தது யாரென்று ஆயாவுக்கும் தெரியவில்லை.

தெரிந்தேதான் கீழே போட்டாரா? அப்படியென்றால், செருப்பைக் கழற்ற மறந்ததற்கே கத்துகிறவர் என்னை ஏன் சும்மா விட்டார்? தனியாகக் கூப்பிட்டாவது திட்டியிருக்கலாமே. நிஜமாகவே நழுவியதென்றால், தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியது வெறும் வழுக்கலா? இதில் எதை நம்பினாலும் எனக்குத் தூக்கம் கெடுகிறது. சில நாள் அவர் மேல் ஆத்திரம்கூட வந்திருக்கிறது.

துக்கத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது வாசலில் அந்தக் கான்சாபுரத்துப் பெண் நின்றாள். பக்கத்தில் அவளைவிட உயரமாக அவள் மகன். "இவிய போட்ட ஊசியிலதான் எனக்கு இன்னைக்கும் இடுப்பு வலி" என்று அழுதாள். "ஆனா வலிக்கும்போதெல்லாம் இவிய நெனப்புதான் வரும்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நடந்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவரை அறிந்த உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்: தப்பு என்னுடையது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சட்டம் ஒன்றுதான். இப்போது குப்பியின் மேல் விரல் வைத்துப் பேரை வாசிக்கிறேன். அவர் திருப்பிச் சொல்லும் இடத்தில் நிறுத்துகிறேன். ஏன் நிற்கிறீர்கள் என்று புதிய டாக்டர் கேட்கிறார். "நீங்களும் ஒருதரம் பாத்து வாசிங்க சார்" என்கிறேன். அவர் வாசித்த பிறகுதான் உடைக்கிறேன்.