கல்யாண வீட்டில் ஒப்பாரி மெட்டு

மலாயாவுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த வருஷம் நான் கோஷ்டியை விட்டு விலகினேன். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுக்குப் பிடில் வாசித்து அலுத்துவிட்டது. ஊரெல்லாம் கொடியும் விளக்கும். எனக்கோ வில்லைத் தூக்கவே கை வரவில்லை. தனியாக வாசிக்கப் போகிறேன் என்றதும் கோஷ்டித் தலைவர், "போ, ஒரு மாசத்துல திரும்பி வருவ" என்றார். திரும்பக் கூடாது என்ற வீம்பு ஒன்றுதான் அப்போது என் கைவசம் இருந்தது.

மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டில் தினமும் சாயங்காலம் பிடிலோடு உட்கார்ந்தேன். எதை வாசித்தாலும் யாரோ வாசித்ததாகவே கேட்டது. கடைசியில் கையில் வந்து நின்றது, ரப்பர் தோட்டத்தில் அப்பா இறந்தபோது அம்மா வைத்த ஒப்பாரி. சொல்லை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். பிறகு காலில் சலங்கை கட்டி, மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டத் தாளத்தில் ஓட்டினேன். அழுகை போய், ஆடத் தோன்றும் மெட்டாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிக் குடும்பத்துக்கு அது பிடித்துப்போனது. அவர்கள் கும்பிடுவது நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். அது ஒப்பாரி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மகள் கல்யாணத்துக்கு அதையே வாசிக்கச் சொன்னார்கள். தனியாளாக எனக்கு வந்த முதல் அழைப்பு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வக்கில்லை.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. "டேய், அது உங்கப்பனுக்கு நான் அழுதது. அதப் போயி கல்யாணத்துல வாசிப்பியா?"

"மெட்டுதானேம்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டார்.

வாசித்தேன். அத்தைமார் எழுந்து ஆடினார்கள். மணப்பெண்ணின் கால்கூடத் தாளம் போட்டது. அதன்பிறகு செட்டிக் குடும்பங்களில் என் பிடில் இல்லாமல் கல்யாணமில்லை என்றானது. கோஷ்டிக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஆனால் எந்தப் புது மெட்டைத் தொட்டாலும், "அதை வாசி" என்பார்கள். வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். பழைய அலுப்பே திரும்பி வந்துவிட்டது.

சில வருஷம் கழித்து அம்மா இறந்தார். தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து அந்த ஒப்பாரியை எடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண், அந்த மணப்பெண்தான், வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சட்டென்று முகம் மலர்ந்தாள். "என் கல்யாணப் பாட்டு" என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கால் சலங்கை இல்லாமலே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அம்மாவுக்காக அழ எனக்குத் தெரிந்த மெட்டு அது ஒன்றுதான். அதில் எனக்கு அழுகை வரவில்லை.