மூன்றாம் வகுப்பின் கெரோ

நெடிய ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை டை கட்டிக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

நான்கு வருடமாகக் கல்கத்தாவிலிருந்து மதுரைக்கு மாற்றல் கேட்கிறேன். பதினோரு மணிக்கு மண்டல மேலாளர் என்னைப் பார்ப்பதாக இருந்தது. பிறகு அவருக்கு விமானம்.

வழியில் மகளைப் பள்ளியில் விடப் போனேன். மூன்றாம் வகுப்பில் இன்று வரலாற்றை நடித்துக் காட்டும் பாடம். ஆசிரியை என் கழுத்தைப் பார்த்தார். நீலச் சாயத்துக்கான அவுரித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையாக வரவேண்டிய தந்தைக்குக் காய்ச்சலாம்.

"தாதா," என்று வங்காளத்தில் அண்ணா போட்டார். "பத்தே நிமிஷம். நெல்லு கூடாது, அவுரிதான் போடணும்னு அதட்டினா போதும்."

அதட்டினேன். விவசாயிகளான நாற்பது குழந்தைகளும் அழுதுகொண்டே விதைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அவர்கள் கல்கத்தாக் குழந்தைகள். கதவை மறித்துத் தரையில் உட்கார்ந்து, "சோல்பே நா, நடக்காது" என்று முழங்கி, அந்த ஊர்த் தொழிற்சங்க வழக்கப்படி என்னை முற்றுகையிட்டு கெரோ செய்தார்கள்.

ஆசிரியைக்குக் கண் கலங்கியது. "எவ்வளவு நல்லாப் புரிஞ்சிருக்கு பாருங்க. நிறுத்த மனசே வரலை."

முன்வரிசையில் தலைமை தாங்கியது என் மகள்.

"கண்ணம்மா, அப்பாவுக்கு நேரமாச்சு. மதுரை விஷயம் தெரியுமில்ல?"

"தெரியும்ப்பா. அதான் உக்காந்திருக்கேன்."

கோரிக்கைகள் எழுத்தில் வந்தன. ஒன்று, இனி அவுரி கிடையாது. இரண்டு, யாரையும் ஊரை விட்டு அனுப்பக் கூடாது. பதினொன்றே முக்காலுக்கு இரண்டுக்கும் கையெழுத்திட்டேன்.

தொழிற்சங்க அனுபவமுள்ள நண்பர்கள் சொல்லுங்கள்: துரை போட்ட கையெழுத்து அப்பாவையும் கட்டுப்படுத்துமா?

மேலாளர் பதினொன்றரைக்கே விமான நிலையம் கிளம்பிவிட்டார். மதுரை இடம் என் பக்கத்து மேஜைக்காரருக்குப் போயிற்று.