கடல் பார்க்காதவர் எழுதிய கதை

பாலக்கோட்டுத் தையற்காரர் தீர்த்தகிரி பத்து வருடமாகப் பத்திரிகைக் கதைகளே உயிரென்று கிடந்தவர். 1943இல் தாமே ஒரு கதை எழுதி மனைவி பச்சையம்மாளுக்குப் படித்துக் காட்டினார். கடற்கரையில் கதாநாயகி அழும் இடத்தில் அவர் குரல் நடுங்கியது.

"கடலை நீங்க எங்கங்க பாத்தீங்க? இது போன வருசம் நீங்க படிச்சுக் காட்டுன கதைதானுங்களே?"

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் கடற்கரைக் காட்சியை அடித்துவிட்டுத் தொப்பூர்க் கணவாயை எழுதினார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ் மேடு ஏறாமல் நிற்கிறது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளுகிறார்கள். பஸ் கிளம்புகிறது, உள்ளே கதாநாயகி இருக்கிறாள், கதாநாயகன் மட்டும் ஏறவில்லை.

"அப்புறம் என்னாச்சுங்க?" என்றாள், கேட்டுக்கொண்டிருந்த பச்சையம்மாள்.

படித்த கதைகளையெல்லாம் மனத்துக்குள் துழாவினார். எதிலும் இதற்கு விடை இல்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.